கருமாதி முடிந்து வந்தவர்

சைகோனுக்கு நம்மவர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். நாகப்பனுக்கு நடந்த கூத்து மட்டும் வேறு எவருக்கும் நடக்கவில்லை. தன் கருமாதிச் சாப்பாட்டில் வடை எண்ணெய் குடித்திருந்தது, பாயசம் நீர்த்துப்போயிருந்தது என்பதையெல்லாம் அடுத்தவர் சொல்லிக் கேட்டுக்கொண்ட மனுஷர் அவர். விஷயத்தைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

நாகப்பன் காரைக்கால் பக்கத்துக்காரர். மீசை அரும்பாத வயதில் கப்பலேறி வந்து, பால் கறந்து விற்றே ஆளானவர். தூ டுக் போகிற சாலையோரம் தகரக் கூரை போட்ட மாட்டுக் கொட்டகை, அதை ஒட்டி வீடு, பின்னால் புல்மேடு. காலையில் சைக்கிளில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் பிரெஞ்சுக்காரர் வீடுகள், ஆஸ்பத்திரி, செட்டியார்களின் கிட்டங்கி என்று சுற்றிவிட்டு வெயில் ஏறத்தான் திரும்புவார். மனைவி ராஜமும் பால்காரர் வீட்டுப் பெண்தான். சைகோனிலேயே கொட்டகை வைத்திருந்த அவள் அப்பா, கல்யாணச் சீதனமாக ஒரு மாட்டை ஓட்டிவிட்டார். அந்த மாட்டின் வழியில் வந்த கிடாரிதான் லட்சுமி. லட்சுமியோடு பேசுகிற பேச்சில் பாதிகூட நாகப்பன் மனைவியோடு பேசமாட்டார். "நான் மாடாப் பொறந்திருக்கணும், என்னங்க" என்று ராஜம் கேலி பண்ணுவாள். அவருக்கு அது கேலி என்றே உறைக்காது.

பிரெஞ்சுப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு போனதும் பால் வாடிக்கையும் கூடவே போயிற்று. புது அரசாங்கம் வந்த கையோடு, வெளிநாட்டுக்காரர்கள் இன்னின்ன வியாபாரம் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டது. நடுச்சந்தைப் பக்கம் துணிக்கடை வைத்திருந்த பக்கீர் மைதீன், கடையை ராவோடு ராவாகத் தன் வியட்நாமிய மனைவி பேருக்கு மாற்றினார். பாலைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் இன்றைக்குத் துணி என்றவன் நாளைக்குப் பால் என்று சொல்ல எத்தனை நேரமாகும்?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் முசே ழான். ரப்பர் தோட்டம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர், நாகப்பனிடம் வருஷக்கணக்காகப் பால் வாங்கியவர். வியட்நாமை விட்டுவிட்டு நியூகினித் தீவுக்குப் போகப் போவதாகச் சொன்னார். அது அப்போது ஒல்லாந்துக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே ஆற்றோரம் ஒரு பப்புவா ஊருக்குப் பக்கத்தில் மாட்டுப் பண்ணை போடுவதாகத் திட்டம். கப்பலில் பத்துப் பன்னிரண்டு மாடு ஏற்றுகிறேன், கூட ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும், இரண்டே வருஷம் என்றார். நாகப்பன் தலையாட்டிவிட்டார். ஐம்பத்தாறாம் வருஷம் அது.

ராஜமும் தடுக்கவில்லை. மகள் சிவகாமிக்கு அப்போது வயது பதின்மூன்று. அவள் கல்யாணத்துக்கு வேண்டியதைச் சேர்க்க வேறு வழி தெரியவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"லட்சுமிய எதுக்குங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"பழகின மாடு ஒன்னு கூட இருந்தாத்தான் மத்தது மிரளாது. உனக்கு இது தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். கப்பல் கிளம்பின அன்று கான் ஹொய் துறைமுகத்தில் நின்று கையாட்டிவிட்டு, மீதியிருந்த மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வீடு திரும்பினாள்.

அந்தப் பப்புவா ஊருக்குப் போய்ச் சேர்வதே பெரும்பாடாக இருந்தது. கடற்கரைப் பட்டணத்தில் இறங்கி, தெப்பம் மாதிரி ஒரு படகில் மாடுகளை நிற்கவைத்து, பழுப்புத் தண்ணீர் ஓடுகிற ஆற்றில் நாள்கணக்காக மேலே போனார்கள். கால் நட்டு உயரத்தில் கட்டின வீடுகள், சேம்பும் சர்க்கரைவள்ளியும் போட்ட கொல்லைகள், விடாத மழை. ஊர்க்காரர்கள் மாட்டைப் பார்த்ததில்லை. முதல் நாள் ஓடினார்கள், மறுநாள் எட்டி நின்றார்கள், ஒரு மாதத்தில் பிள்ளைகள் லட்சுமியின் வாலைப் பிடித்து விளையாடின. யாக்கோபு என்று ஒருவர். அவர்தான் நாகப்பனுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார், சவ்வரிசி மரத்தின் மாவைக் களிகிளறிப் போட்டார், மலாய் மொழியில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொடுத்தார்.

மாடுகளுக்கு அந்த மண் ஒத்துக்கொள்ளவில்லை. உண்ணி ஏறியது, ஈரத்தில் குளம்பு அழுகியது, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. முசே ழானுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, ஒருநாள் சிறுநீர் கறுப்பாகப் போயிற்று. கடற்கரைப் பட்டணத்துக்குக் கொண்டுபோவதற்குள் ஆள் முடிந்துபோனார். பண்ணையும் அதோடு முடிந்தது. மிச்சம் நாகப்பனும் லட்சுமியும்தான். அவருக்கும் அதே காய்ச்சல் தொற்றிக்கொண்டது. சாகடிக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை.

அரசாங்கத்தின் மோட்டார் படகு ஒருநாள் ஆற்றில் வந்தது. விஷயம் தெரிந்த ஒல்லாந்து அதிகாரி, ஏறு, உன்னை ஊருக்கு அனுப்புகிறேன் என்றார். சின்னப் படகு. மாடு ஏறாது. நாகப்பன் கரையில் நின்றபடி லட்சுமியைப் பார்த்தார், படகைப் பார்த்தார். தான் போன மறுநாளே இந்த ஊரில் இது கறியாகிவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவர்கள் பன்றி வளர்க்கிறவர்கள், விருந்துக்கு அடிக்கிறவர்கள். வீட்டு மாட்டைக் கத்திக்குக் கொடுத்துவிட்டு ராஜத்தின் முன்னால் போய் எப்படி நிற்பது? சைகோனுக்கு ஒரு சேதி மட்டும் சொல்லியனுப்பச் சொல்லிவிட்டு நின்றுகொண்டார். அந்தச் சேதி வந்து சேரவேயில்லை. படகு பிறகு இன்னொரு தடவையும் வந்தது. அன்றைக்கும் இதே கதைதான். அடக் கடவுளே, இப்படியும் ஒரு பிடிவாதமா!

யாக்கோபுக்குப் பொறுக்கவில்லை. உனக்கு உன் ஊரில் ஒருவரும் இல்லையா என்று கேட்டார். பெண்டாட்டி இருக்கிறாள், மகள் இருக்கிறாள் என்றார் நாகப்பன். அப்படியென்றால் போ, மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், யாரும் தொடமாட்டார்கள் என்றார் யாக்கோபு. நாகப்பன் சிரித்துத் தலையாட்டினாரே தவிர, நம்பவில்லை.

ஆறாம் வருஷம் லட்சுமி வயிறு உப்பி, தானாகவே செத்தது. யாக்கோபும் அவர் தம்பிமார்களும் வந்தார்கள். கறிக்குத்தான் அடிபோடுகிறார்கள் என்று நாகப்பன் நினைத்தார். அவர்கள் கையில் இருந்தவை குழிதோண்டும் கம்புகள். மழையில் நாள் முழுக்கத் தோண்டி, மாட்டை இறக்கி, மண் தள்ளினார்கள். ஒரு பிடிக் கறி வேண்டுமென்று ஒரு வாய் கேட்கவில்லை. பிள்ளைகள் அழுதன. அப்போதுதான் நாகப்பனுக்குப் புரிந்தது, இந்த மனுஷர் அன்றைக்குச் சொன்னது சத்தியம் என்று. முதல் படகிலேயே ஏறியிருக்கலாம். குழிமேட்டில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஒல்லாந்துக்காரர்கள் தீவைக் கைமாற்றிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. கடைசியாக வந்த படகில் ஏறி, சிங்கப்பூர் வழியாக, அறுபத்துமூன்றாம் வருஷத் தொடக்கத்தில் கான் ஹொய் துறைமுகத்தில் வந்து இறங்கினார். வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனசில்லை. நேரே பக்கீர் மைதீன் கடைக்கு நடந்தார்.

பக்கீர் மைதீன் கல்லாவிலிருந்து எழுந்தவர் அப்படியே நின்றார்.

"யா அல்லா! நாகப்பண்ணே... நீங்களா?"

"என்ன பக்கீரு, பேயைப் பாத்த மாதிரி பாக்குறே? காய்ச்சல்ல இளைச்சுப்போனேன், அவ்வளவுதான். ராஜத்துக்கு ஒரு சேலை எடுக்கணும். நல்ல செவப்பா காட்டு."

பக்கீர் மைதீன் அலமாரிப் பக்கம் திரும்பவேயில்லை. அவரைப் பிடித்து உட்காரவைத்தார், காப்பி வாங்கிவரச் சொன்னார், கடைக்குள் இருந்த வாடிக்கைக்காரியைப் பிறகு வரச்சொல்லி அனுப்பினார்.

"வீட்டுக்குப் போயிட்டு வாறியளா?"

"இல்லப்பா. சேலையோட போகலாம்னுதான்."

"செவப்பு வேணாம்ண்ணே."

"ஏன், அவளுக்குச் செவப்பு புடிக்குமே?"

பக்கீர் மைதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எப்படிச் சொல்லுவேன்? உங்களுக்குக் கருமாதி பண்ணிட்டாங்கண்ணே. ஒன்றரை வருஷமாச்சு."

நாகப்பன் முதலில் சிரித்தார். பிறகு பக்கீர் மைதீன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, காப்பி ஆறிக்கொண்டிருந்தது. சிவகாமிக்கு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார், தகப்பன் இருக்கிறானா செத்தானா என்றே தெரியாத வீட்டில், தெரியாத தீட்டோடு தாலி கட்டமாட்டோம், ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார்கள். ராஜம் மாட்டேன் என்று மாதக்கணக்காக நின்றாள். கோயில் காரியங்களைப் பார்த்துவந்த அடைக்கப்பச் செட்டியார்தான், பெண் கரையேற வேண்டாமா என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். தூரதேசம் போய்த் தகவல் இல்லாதவனுக்குப் பொம்மை செய்து எரிப்பது வழக்கம்தானே. அவர் கொட்டகையிலேயே வைக்கோல் எடுத்து ஆள் மாதிரிக் கட்டினார்கள். தலைக்குத் தேங்காய். மேலே அவருடைய வேட்டி. ராஜத்தின் தம்பி வடிவேல் கொள்ளி வைத்தான். தாலியைக் கழற்றிப் பால் டம்ளரில் போட்டார்கள்.

"சாப்பாடு சுமார்தான். வடை எண்ணெய் குடிச்சிருந்துச்சு, பாயசமும் தண்ணி. யாருக்கும் எறங்கல" என்றார் பக்கீர் மைதீன், என்ன சொல்வது என்று தெரியாமல்.

சேலை எடுக்காமலே நாகப்பன் கிளம்பினார். கொட்டகைக்குள் ராஜம் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மடியில் பாலை மிச்சம் வைத்தால் மாட்டுக்கு ஆகாது என்று முழுக்கக் கறந்து முடித்தாள். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்து, ஓவென்று அழுதாள். பக்கத்து வியட்நாமிய வீட்டார் எல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள்.

அழுகை ஓய்ந்த பிறகு கேட்டாள். "ஏன் வரல? கப்பல் கெடைக்கலியா? எவனும் புடிச்சு வச்சிருந்தானா?"

ஆமாம், கப்பல் கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஊரே நம்பியிருக்கும். நாகப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. படகு வந்ததையும், மாடு ஏறாததையும், யாக்கோபு சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ராஜம் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "மாட்டை விட்டுட்டு வர மனசு வரல. என்னை விட்டுட்டு இருக்க மனசு வந்துச்சு" என்றாள்.

செத்தவர் திரும்பி வந்தால் அதற்கும் ஒரு சடங்கு உண்டு. புதிதாகப் பிறந்த மாதிரித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பேர் வைத்து, அதே மனைவிக்கு மறுபடி தாலி கட்டவேண்டும். மனைவி மறுபடி தாலி கட்டிக்கொண்டால்தான் ஆள் முழுசாக உயிரோடு வந்ததாகக் கணக்கு. தான் சொல்லித்தானே கருமாதி நடந்தது என்று மனசு ஆறாமல் அடைக்கப்பச் செட்டியாரே எல்லா ஏற்பாட்டையும் செய்தார். அவர் வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒருநாள் கோயிலில் நம்மவர்கள் கூடினார்கள். நாகப்பன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நாகப்பன் என்று அவருக்கே மறுபடி பேர் வைத்தார்கள். ஈர வேட்டியோடு, மஞ்சள் கயிறைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் நேரம், ஆனால் காய்ச்சல்காரர், உடம்பு வெடவெடத்தது.

"குனிஞ்சுக்க ஆத்தா" என்றார் செட்டியார்.

ராஜம் குனியவில்லை. "வேணாம் செட்டியாரே."

"என்ன ஆத்தா இது? கோவமா? புருசன் பொழச்சு வந்திருக்காரு, போனதைப் பேசலாமா?"

"கோவமெல்லாம் அழுது தீத்துட்டேன். இவரு நிக்கிற நிலையப் பாருங்க. பத்து நாளைக்கு ஒருக்கா காய்ச்சல்ல கெடந்து ஒதர்றாரு. இன்னைக்குக் கட்டி நாளைக்கு அறுக்கச் சொல்றீங்களா? ஒரு தடவை அறுத்தாச்சு. இன்னொரு தடவைக்கு எங்கிட்டத் தெம்பில்ல."

நாகப்பன் கையிலிருந்த கயிறைச் செட்டியார் மெதுவாக வாங்கிக்கொண்டார். அவமானத்தைவிட, அவள் சொன்னது நியாயம் என்பதுதான் அவரைக் கொன்றது.

அப்படியே அஞ்சு வருஷம் ஓடியது. கொட்டகையின் ஒரு மூலையில் கயிற்றுக்கட்டிலில் அவர், வீட்டுக்குள் அவள். வேளாவேளைக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கொயினா மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, கம்பளி போர்த்தி, பக்கத்திலேயே இருந்தாள். வெள்ளைச் சேலையை மட்டும் மாற்றவில்லை. தெருவில் புதிதாக வந்தவர்கள், அந்த அம்மா வீட்டில் வேலைக்கு இருக்கிற கிழவர் என்றே நாகப்பனை நினைத்தார்கள். அவரும் திருத்தவில்லை. திதி நாளில் ராஜம் காக்கைக்குச் சோறு வைப்பாள். ஒருதடவை தொடங்கினதை நிறுத்தினால் மகள் வீட்டுக்கு ஆகாது என்று பயம். அன்றைக்கும் அவருக்கு இலை போடுவாள். தன் திவசச் சோற்றைத் தானே உட்கார்ந்து தின்ற மனுஷர் இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

சிவகாமி ஒருமுறை கைக்குழந்தையோடு வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அவள் புருஷன் வீட்டார் எல்லாரும் புதுச்சேரிக்கே போய்விட்டார்கள். சைகோன் முழுக்க அமெரிக்கப் பட்டாளம். கடைகளில் டப்பாப் பால் குவிந்தது. கொட்டகையில் ஒரே ஒரு மாடு மிஞ்சியது. இரவும் பகலும் தூரத்தில் குண்டு விழுகிற சத்தம் கேட்டு ஜன்னல் அதிரும். அதுவும் பழகிப்போயிற்று. அவள் கழுத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் நாகப்பனுக்குக் கடைசிவரை பழகவில்லை. அந்தக் கழுத்து நிறைந்துவிட்டால் போதும், அப்புறம் தான் செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தார். ஆனால் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

அறுபத்தெட்டாம் வருஷம், வியட்நாமியரின் தெத் புதுவருஷப் பண்டிகையில் சண்டை ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. தூ டுக் சாலையில் டாங்கிகள் ஓடின. பகலிலும் வெளியே தலைகாட்டக்கூடாது என்று ஊரடங்கு. அன்றைக்கென்று நாகப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை தீர்ந்திருந்தது. பக்கீர் மைதீனுக்குச் சொல்லியனுப்பவும் வழியில்லை. மூன்றாம் நாள் சட்டியில் போன சிறுநீர் கறுப்பாக இருந்தது. முசே ழானின் கதையை அவர் ராஜத்திடம் சொல்லியிருந்தார். அவள் சட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

மத்தியானம் அவள் வீட்டுக்குள் போனாள். சாமி மாடத்தில் ஏதோ உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பித்தளைச் செம்பு. அதிலிருந்து பழைய தாலிப் பொட்டை எடுத்தாள். தையல் நூலைப் பல இழையாக முறுக்கி, மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருந்தாள். பொட்டை அதில் கோத்து அவர் கையில் வைத்தாள்.

"கட்டுங்க."

நாகப்பனுக்கு நம்ப முடியவில்லை. "வேணாம் ராஜம். நீ அன்னைக்குச் சொன்னது சரிதான். நாளைக்கே அறுக்கணும்."

"அறுக்கத்தான் கேக்குறேன்" என்றாள். "அன்னைக்கு வைக்கோலுக்கு அறுத்தேன். என் புருஷனுக்கு அறுக்க வேணாமா? கட்டுங்க."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முதுகைக் காட்டி, தலையைக் குனிந்தாள். நரைத்த முடியை முன்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். நாகப்பன் முழங்கையை ஊன்றி எழுந்தார். எத்தனை மாட்டுக்குக் கயிறு மாட்டின கை, ஒரு நூலை முடியத் தெரியாமல் தடுமாறியது. முதல் முடிச்சு நழுவி, மறுபடி விழுந்தது. இரண்டாவதையும் எப்படியோ போட்டார். மூன்றாவது நாத்தனார் போடவேண்டியது. நாத்தனாருக்கு எங்கே போவது? ராஜம் தன் கையையே பின்னால் கொண்டுவந்து அவர் விரல்களோடு சேர்த்து இறுக்கினாள்.

கொட்டகையில் மாடு கத்தியது. கறக்கிற வேளை. காலையிலும் கறக்காத மடி கனத்து, விடாமல் கத்தியது. பழக்கதோஷத்தில் ராஜம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப்போனாள்.

நாகப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கத்தட்டும்" என்றார். "நீ இரு."